கன்னியும் சிப்பிப்பாறையும் கைமாறும்போது: வேட்டை உணர்வுள்ள நாய்களைப் பழக்குவதும் புது வீடு சேர்ப்பதும்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு கன்னி நாயோ சிப்பிப்பாறையோ வீடு மாற வேண்டிய நிலை பெரும்பாலும் ஒரு கோழியில்தான் தொடங்குகிறது. குட்டியாக வந்தபோது யாருக்கும் தொல்லை இல்லை. 8 மாதத்துக்கும் 14 மாதத்துக்கும் இடையில் ஒரு நாள் சுவரைத் தாண்டிப்போய்ப் பக்கத்து வீட்டுச் சேவலைக் கடித்துப் போடுகிறது. அடுத்து ஒரு பூனை. அதற்கடுத்து மேய்ச்சலுக்குப் போன வெள்ளாட்டுக் குட்டி. ஆட்டுக்காரருக்கு ஈட்டுப் பணம் கொடுத்த அன்று சாயங்காலமே, "யாராவது தோட்டத்துக்காரர்ட்ட கொடுத்துருவோம்" என்ற பேச்சு வீட்டில் எழுந்துவிடும்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டோடு சேர்ந்து நாட்டு நாய்க்கும் மவுசு கூடியது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்களைச் சொன்ன பிறகு குட்டிகளைத் தேடுவோர் இன்னும் பெருகினார்கள். இந்த இனங்கள் அழியாமல் நிலைப்பது நல்ல காரியம். ஆனால் கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாய், இப்போது மதுரை அண்ணாநகரிலும் திருநகரிலும் இரண்டு சென்ட் வீட்டின் முன்வாசலில் கட்டிக் கிடக்கிறது. வாங்கும்போது நிறத்தையும் இடுப்பு ஒடுக்கத்தையும் பார்த்தார்களே தவிர, அது எதற்காக அப்படி வடிக்கப்பட்டது என்று கேட்டவர்கள் குறைவு.

நான்கும் ஒரே குணம் அல்ல என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே வார்ப்பு. கறுப்பு உடலில் செம்பழுப்புப் பொட்டு இருந்தால் கன்னி, மற்ற நிறங்கள் சிப்பிப்பாறை என்று சொல்வதே ஊர்ப் பழக்கம். இவை கண்ணால் வேட்டையாடுபவை. நீண்ட முகம், ஆழமான நெஞ்சு, மெல்லிய தோல், தூரத்தில் அசையும் எதையும் உடனே பிடித்துக்கொள்ளும் பார்வை. இவை பெரும்பாலும் மனிதரிடம் ஒதுங்கியே நிற்கும். ராஜபாளையமும் கோம்பையும் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. துரத்துவதோடு நிற்காமல் கவ்விப் பிடித்து நிற்கும், அந்நியரைச் சந்தேகிக்கும். கன்னியைக் கைமாற்றும்போது பெரிய ஆபத்து அது ஓடிப்போவது. கோம்பையைக் கைமாற்றும்போது பெரிய ஆபத்து புது வீட்டுக்கு வரும் விருந்தாளி. வெள்ளை ராஜபாளையத்தில் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும்: நிறமி இல்லாத வெள்ளை உடலோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வரும். பின்னால் நின்று தட்டை ஒரு கரண்டியால் தட்டுங்கள். காது அசையவில்லை என்றால் விசில் பழக்கம் அதற்கு உதவாது, கைச் சைகையில்தான் பழக்க வேண்டும். "சொன்ன பேச்சைக் கேக்காது" என்று அடி வாங்கும் வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு உண்மையில் காது கேட்பதே இல்லை.

துரத்துவது கோபம் இல்லை

நாயின் வேட்டை ஒரு சங்கிலி. கவனிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, உதறிக் கொல்வது, கிழிப்பது, தின்பது. எல்லா நாயிடமும் இந்தக் கண்ணிகள் ஏதோ ஓர் அளவில் உண்டு. மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் சில இனங்களில் சில கண்ணி தடித்தது, சில மெலிந்தது. ஆட்டு மந்தையைக் காக்கும் நாயில் துரத்தும் கண்ணி மெலிந்திருக்கும். கன்னியில் அதுதான் மிகத் தடிப்பானது.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். துரத்துவதே அந்த நாய்க்குச் சம்பளம். முயல் கிடைக்காவிட்டாலும் ஓடிய ஓட்டம் இனிப்பதால், ஒவ்வொரு துரத்தலும் அடுத்ததைப் பலப்படுத்துகிறது. அடுத்தது, இது பசியாலும் வருவதில்லை, வெறுப்பாலும் வருவதில்லை. வயிறு நிறைந்த நாயும் துரத்தும். அதனால்தான் "கறி போட்டு வளத்ததால வெறி பிடிச்சிருச்சு" என்பது தவறு. தயிர்ச்சோறும் கம்பங்கூழும் தின்று வளர்ந்த நாயும் கோழியைக் கண்டால் ஓடத்தான் செய்யும்.

ஊரில் சொல்லும் வைத்தியங்கள் எல்லாம் இந்தக் காரணத்தால்தான் தோற்கின்றன. செத்த கோழியைக் கழுத்தில் கட்டிவிடுவது, பிடித்த இடத்திலேயே அடிப்பது, மிளகாய்ப்பொடி தூவுவது, மாதக்கணக்கில் சங்கிலியில் போடுவது. செத்த கோழி அசையாது. நாயை இழுப்பது அசைவு. அடி எப்போது விழுகிறது என்று பாருங்கள்: நாய் ஓடி, கடித்து, திரும்பி வந்த பிறகு. அது கற்றுக்கொள்வது "திரும்பி வந்தால் வலிக்கும்" என்பதை மட்டும். அடுத்த முறை அது வரவே வராது. கோழியைப் பார்த்த நொடியிலேயே அடித்தாலோ கோழி என்றால் வலி என்று மனதில் பதிந்து, விளையாட்டாகத் துரத்தியது நிஜமாகவே முறைக்கத் தொடங்கும். சங்கிலியில் கிடப்பது ஓடவேண்டிய உடம்பைத் தேக்கி வைக்கிறது. அவிழ்ந்த அன்று அத்தனையும் ஒரே ஓட்டமாகப் போகும். கருத்தடை செய்தால் அடங்கும் என்பதும் நடப்பதில்லை. அது இணை தேடி அலைவதைக் குறைக்கும், இரை தேடுவதைக் குறைக்காது.

"அதோட குணத்துக்கு ஏத்த மாதிரி வேட்டைக்கே விடலாமே" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கான வரையறையிலேயே விரட்டுவதும், ஏவித் துரத்துவதும், பிடிப்பதும், அதற்கு முயல்வதும் அடங்கும். முயல் கிடைக்காமல் வெறுங்கையோடு வந்தாலும் விலக்கு இல்லை. சில ஊர்களில் மாசி சிவராத்திரியை ஒட்டி ஊர் கூடிப் போகும் பாரிவேட்டைக்கும் வழக்கம் என்ற பெயரில் சட்டத்தில் இடமில்லை. மயிலும் புல்வாய் எனும் வெளிமானும் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கரடுகளில் எறும்புதின்னியும் தேவாங்கும் வாழ்கின்றன. அழகர்மலை, நாகமலை அடிவாரம், சாப்டூர் காட்டோரம் எங்கேயும் அவிழ்த்துவிட்ட ஒரு நாய் ஒரே காலையில் செய்யும் சேதம் பெரிது.

முதலில் கயிறு, பிறகு பயிற்சி

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். நல்ல கன்னிக்கு அது சாதாரண ஓட்டம். ஆடு கண்ணில் பட்டதும் நாம் பெயர் சொல்லி வாய் திறப்பதற்குள் அது 20 மீட்டர் தள்ளி இருக்கும். ஓட்டம் தொடங்கிவிட்டால் காது மூடிக்கொண்டதைப் போலத்தான். ஆகவே வேலை எல்லாம் ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு நொடியில். அந்த இரண்டு நொடி தவறினாலும் நாய் கையில் இருக்க வேண்டும், அதற்குத்தான் கயிறு.

சாதாரணக் கழுத்துப்பட்டை கன்னிக்கு ஆகாது. கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால் பின்னால் நழுவி ஒரு உதறு உதறினால் பட்டை நம் கையில், நாய் கருவக்காட்டில். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் அகலப் பட்டை வேண்டும், குறைந்தது 4 செ.மீ. அகலம். இறுகிய நிலையிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். இதோடு நெஞ்சுவார் ஒன்று, முன்கால்களுக்குப் பின்னால் ஒரு பட்டையும் இடுப்பு ஒடுங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இன்னொரு பட்டையும் உள்ளது. அந்தக் கடைசிப் பட்டைதான் பின்னோக்கி நழுவாமல் காப்பது. தெருவில் 2 மீட்டர் வார். பொத்தானை அழுத்தினால் நீளும் சுருள் வாரை இந்த நாய்களுக்கு வாங்கவே வேண்டாம். முழு வேகத்தில் போய் முட்டும்போது ஒன்று பூட்டு உடையும், இல்லை பிடித்தவர் விழுவார், கைப்பிடி நழுவினால் அது தரையில் தடதடத்துப் பின்னாலேயே வந்து நாயை இன்னும் விரட்டும்.

பயிற்சிக்கு 10 மீட்டர் நீளக் கயிறு. 2 மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் கால் வைத்து மிதித்து நிறுத்தலாம். கையுறை கட்டாயம், நைலான் உராய்ந்தால் உள்ளங்கைத் தோல் போய்விடும். நீளக் கயிற்றை நெஞ்சுவாரில் மட்டுமே மாட்ட வேண்டும். கழுத்தில் மாட்டி, நாய் கடைசிவரை ஓடி வெட்டி நின்றால் கழுத்தெலும்பு, மூச்சுக்குழல் இரண்டுக்கும் ஆபத்து.

வாய்க்கூட்டை அவமானமாக நினைப்பவர்கள் அதிகம். நீளமுகத்துக்குப் பொருந்திய கூண்டு வடிவ வாய்க்கூடு போட்ட நாய் தண்ணீர் குடிக்கும், இரைக்கும், கூண்டு இடுக்கில் தின்பண்டம் வாங்கும். துணியில் தைத்து வாயை இறுக்கிக் கட்டும் வகை வேறு. நாய் வெப்பத்தை வெளியேற்றுவது இரைப்பதால்தான். சித்திரை வெயிலில் அதைப் போட்டு 10 நிமிடம் நடத்தினாலே வெப்ப மயக்கம் வரலாம். கூண்டைப் பழக்க 10 முதல் 14 நாள் ஆகும். முதல் மூன்று நாள் கூண்டுக்குள் ஈரல் துண்டு வைத்து, தானாக மூக்கை நுழைக்க விடுவது மட்டும். பிறகு மூக்கு உள்ளே இருக்கும்போது வாரைக் காதுக்குப் பின்னால் தொட்டு எடுப்பது. பிறகு பூட்டி 5 நொடி, 20 நொடி, ஒரு நிமிடம், கடைசியில் நடை. நாய் காலால் பிறாண்டினால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். இரண்டு படி பின்னால் போக வேண்டும்.

விசில் பழக்கம் வீட்டுக்குள் தொடங்கும். குரலைவிட விசில் நல்லது. பதற்றத்தில் நம் குரல் மாறும், விசில் மாறாது, காற்றிலும் தூரம் போகும். ஒரு நாளைக்கு 20 முறை, விசில் ஊதிய ஒரு நொடிக்குள் வேகவைத்த கோழி ஈரல், கொண்டைக்கடலை அளவு. 10 நாள் வரை நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சத்தமும் ஈரலும் மனதில் ஒட்டினால் போதும். பிறகு அடுத்த அறையிலிருந்து, மொட்டை மாடியிலிருந்து, நீளக் கயிற்றில் பொட்டலில். ஈரல் கையில் இல்லாமல் ஒரு முறைகூட ஊதக் கூடாது. குளிப்பாட்டவும் ஊசி போடவும் விசிலால் கூப்பிடுவதுதான் இந்தப் பழக்கம் கெடும் வழி.

அடுத்தது பார்த்துத் திரும்பும் பழக்கம், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். கம்மாய்க் கரையில் ஆடு மேயும் நேரமாகப் போய், 80 மீட்டர் தள்ளி நில்லுங்கள். நாய் ஆட்டைப் பார்க்கும், காது நிமிரும். உடம்பு விறைப்பதற்கு முன், அந்தக் கணத்திலேயே "சரி" என்று சொல்லி மூக்கருகே ஈரல். பார்த்ததற்குத்தான் கூலி. சில நாளில் அது ஆட்டைப் பார்த்துவிட்டுத் தானாக உங்கள் முகத்தைப் பார்க்கும். 10 முறையில் 8 முறை அப்படித் திரும்பினால் 5 மீட்டர் நெருங்கலாம். ஈரலை முகர்ந்தும் தின்னவில்லை, வால் நேராகிவிட்டது, ஒரு முன்னங்கால் தூக்கிவிட்டது என்றால் மிக நெருங்கிவிட்டீர்கள். பேசாமல் திரும்பி நடந்து தூரத்தைக் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 20 மீட்டருக்கு வரவே பல நாய்களுக்கு மூன்று மாதம் பிடிக்கும். சிலது 40 மீட்டரைத் தாண்டி நெருங்காது. அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், கைமாற்றும்போது அதுதான் மிகப் பயனுள்ள தகவல்.

ஓட்டத்தை முழுக்க மறுப்பதும் தவறு. 1.5 மீட்டர் மூங்கில் கம்பு, அதன் நுனியில் 2 மீட்டர் கயிறு, கயிற்று முனையில் பழைய துணி. மணல் தரையில் துணியைத் தரையோடு இழுத்து 5 நிமிடம் துரத்தவிட்டு, "விடு" என்றதும் துணியை அசையாமல் நிறுத்தி ஈரலுக்கு மாற்றுங்கள். தொடக்கமும் முடிவும் நம் கையில் இருப்பதுதான் இதன் பயன். 15 மாதத்துக்குக் குறைந்த நாய்க்கு வெடுக்கென்று திரும்ப வைக்க வேண்டாம், மூட்டு முற்றியிருக்காது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டவும் வேண்டாம். நேரம் காலை 7 மணிக்கு முன், மாலை 6-க்குப் பின். புறங்கையைத் தார்ச்சாலையில் 7 நொடி வைக்க முடியாவிட்டால் அந்தப் பாதம் மட்டும் எப்படித் தாங்கும்?

கொடுப்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

இரண்டு வாரமாவது ஓர் இடத்தில் வைத்துக் கவனிக்காமல் கொடுக்கக் கூடாது. கோழி, பூனை, வெள்ளாடு, சின்ன நாய், சைக்கிள், ஓடும் குழந்தை என ஒவ்வொன்றுக்கும் எந்தத் தூரத்தில் நாய் விறைக்கிறது, எவ்வளவு நேரத்தில் மீள்கிறது, முன்பு சொன்ன வேட்டைச் சங்கிலியில் எந்தக் கண்ணி வரை போயிருக்கிறது என்று எழுதுங்கள். துரத்தி நின்ற நாய் வேறு, கொன்ற நாய் வேறு. பூனைச் சோதனை என்றால் வாய்க்கூடு, 2 மீட்டர் வார், பூனைக்கு ஏறித் தப்ப உயரமான இடம், 5 மீட்டர் இடைவெளி, அதிகம் 2 நிமிடம். உற்றுப் பார்வையை ஈரலுக்குக்கூட எடுக்காத நாயைப் பூனை வீட்டுக்கு அனுப்பவே கூடாது. வீட்டுக்குள் பூனையோடு பழகிய நாயும் வெளியே ஓடும் பூனையைத் துரத்தலாம். இதை வாங்குபவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, குடற்புழு மருந்து, கூட்டுத் தடுப்பூசி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, தோலுக்கடியில் 15 இலக்க நுண்சில்லு இவை கைமாறும் முன்பே முடிய வேண்டும். கருத்தடையும் முடித்துக் கொடுப்பதே நல்லது, இல்லாவிட்டால் குட்டி வியாபாரத்துக்குப் போய்விடும். ஒல்லி வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. தயோபென்டோன் வகை மயக்க மருந்திலிருந்து இவ்வகை நாய்கள் மீள அதிக நேரமாகும் என்பதை மருத்துவருக்கு நினைவூட்டிவிடுங்கள்.

"இலவசமாகக் கொடுக்கப்படும்" என்று விளம்பரம் போடுவதில் ஒரு கண்ணி உண்டு. முதலில் வருபவர்களில் முயல் வேட்டைக்கு நாய் தேடுபவரும் இருப்பார். நாய் எப்படி ஓடும் என்று மட்டும் கேட்பவர், மற்ற நாய்கள் எங்கே என்றால் மழுப்புபவர், வீட்டைக் காட்டத் தயங்குபவர், இவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

"தோட்டத்தில் விட்டால் சந்தோஷமாக ஓடும்" என்பதுதான் எல்லாரும் நம்பும், எல்லாரையும் ஏமாற்றும் முடிவு. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் சுற்றுச்சுவர் இல்லாத தரைக்கிணறு உண்டு. முயலைத் துரத்தும் நாய் கிணற்றைப் பார்ப்பதில்லை. காட்டுப்பன்றிக்குத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி, சுருக்குக் கம்பி, நாட்டு வெடி, மயிலுக்கும் எலிக்கும் குருணை மருந்து கலந்து போட்ட தானியம், சீமைக்கருவேல முள், நான்கு பக்கமும் அடுத்தவர் ஆடு. வேலியில்லாத 5 ஏக்கரைவிட, 6 அடி மதிலுள்ள 3 சென்ட் இடமும் தினம் இரண்டு நடை கூட்டிப்போக ஆளும் இந்த நாய்க்கு எவ்வளவோ மேல்.

வீடு பார்க்கப் போகும்போது மதிலை மட்டும் அளக்காமல் மதிலுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். துவைக்கிற கல், சின்டெக்ஸ் தொட்டி, அடுக்கிய விறகு, எல்லாம் ஏணிதான். இரும்புக் கதவின் அடியிடுக்கு 10 செ.மீ.க்குக் கீழ். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் 3 அடி என்றால் தனியாக மாடியில் விடக் கூடாது, பக்கத்து மாடிப் பூனையைக் கண்டு பாய்ந்துவிடும். கதவு திறந்ததும் நேரே தெரு வருகிற வீடு என்றால் உள்ளே இன்னொரு தடுப்புக் கதவு வைத்த பிறகே நாயை அனுப்புங்கள். கதவைத் திறந்துபோடும் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு, எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், வேறொரு நாயைச் சொல்லிவிடலாம்.

கைமாற்றும் நாளைப் பொங்கல், தீபாவளி வாரங்களில் வைக்காதீர்கள். வெடிச் சத்தத்தில் புது நாய் ஓடினால் அதற்குத் திரும்ப வழி தெரியாது. பழைய வீட்டில் அது படுத்த துணியும், 10 நாளுக்குப் பழைய உணவும், அதே விசிலும் கூடவே போக வேண்டும். முதல் இரண்டு வாரம் கழுத்துப்பட்டையில் ஒன்றும் நெஞ்சுவாரில் ஒன்றுமாக இரண்டு வார். மூன்று மாதம் வரை மதிலுக்கு வெளியே அவிழ்ப்பதே இல்லை. பல கன்னிகளுக்கு அது வாழ்நாள் முழுக்கவும்தான், அதை ஒளிக்காமல் சொல்லிக் கொடுங்கள். எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் மூன்று வரி போதும்: வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது, வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எந்த வயதிலும் கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கொள்வார்.

அப்படியும் முதல் வாரத்தில் நாய் தப்பிவிட்டால் பின்னால் ஓடாதீர்கள், நாலு பேர் பைக்கில் துரத்தவும் வேண்டாம். அது இன்னும் தூரம் போகும், நான்குவழிச்சாலையில் ஏறிவிடும். கடைசியாகப் பார்த்த இடத்தில் அது படுத்த துணியும் தண்ணீரும் வைத்து, நாய்க்குப் பழகிய ஒரே ஆள் மட்டும் உட்கார்ந்திருக்கட்டும். ஊர் அடங்கிய இரவிலும் விடியற்காலை நாலு மணி வாக்கிலும் ஓடிய இடத்துக்கே அது திரும்ப வர வாய்ப்பு அதிகம். வந்தால் நேருக்கு நேர் பார்க்காமல், பக்கவாட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, மெதுவாக ஒரு விசில். ஈரல் கையில் இருக்கட்டும். கழுத்துப்பட்டையை உடனே பிடிக்கப் பாயாமல், இரண்டு மூன்று துண்டு தின்னவிட்டு, பிறகு வாரை மாட்டுங்கள். வீட்டுக்குக் கூட்டிவந்து உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள்: விரலிடுக்கில் முள், தொடையில் கம்பிக் கீறல், ஈறு செங்கல் நிறத்தில் இருக்கிறதா என்று. ஈறு அப்படிச் சிவந்து, நடை தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரில் உடம்பை நனைத்து, விசிறியடியில் வைத்து, அப்படியே கால்நடை மருத்துவமனைக்கு.